துண்டுக்குள் போட்ட பேரம்

முன்னொரு காலம் இருந்தது. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துச் சொன்ன விலைக்கு ஓலையும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம் என்றிருந்த காலம். அப்போது ஒரு ராஜா. அவருக்கு ஒரு விகடகவி, பெயர் இருளப்பன். அவனுடைய அப்பா மாட்டுச் சந்தையில் தரகர். பிள்ளைக்கு அவர் விட்டுப்போன சொத்து இரண்டே இரண்டு: ஓயாத வாய் ஒன்று, சிவப்புக் கரை போட்ட பழைய துண்டு ஒன்று. வாயை வைத்து அவன் அரண்மனையில் சோறு தின்றான். துண்டைத் தோளை விட்டு இறக்கவே மாட்டான். எத்தனை துவைத்தாலும் அதில் புகையிலை வாசமும் மாட்டு வாசமும் போகாது. அப்பா பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி இருக்கும் அவனுக்கு.

ஒருத்தன் வாயால் பிழைத்தால் இன்னொருத்தனுக்கு வயிறு எரியாமல் இருக்குமா? பிரதானி சூரப்பருக்கு இருளப்பனைக் கண்டாலே ஆகாது. தாம் ஒரு நாழிகை நீட்டி முழக்குவதை இவன் ஒரு வரியில் சொல்லி ராஜாவைச் சிரிக்க வைத்துவிடுகிறானே என்று புகைச்சல்.

ஒருநாள் சபைக்கு ஒரு வழக்கு வந்தது. வெயிலுகந்தான் என்கிற கிழவர் சந்தையில் ஒரு ஜோடி காளையை விற்றிருந்தார். வாங்கியவர் உதுமான் ராவுத்தர், மலைநாட்டு மிளகு வியாபாரி, இந்தச் சந்தைக்குப் புதுசு. காளைக்கு மாற்றாக மிளகு தருவதாகப் பேச்சு. எத்தனை பொதி என்பதைத் துண்டுக்குள் முடித்துக்கொண்டார்கள்.

அந்தப் பேரம் எப்படி நடக்கும் தெரியுமா? இரண்டு பேர் கைக்கும் மேலே ஒரு துண்டைப் போடுவார்கள். வாங்குகிறவர் விற்கிறவருடைய விரலைப் பிடிப்பார். ஆள்காட்டி விரல் மட்டும் என்றால் ஒன்று. அடுத்தடுத்த விரலைச் சேர்த்துக்கொண்டே போனால் இரண்டு, மூன்று, சுண்டுவிரல் வரைக்கும் நான்கு. கட்டை விரலையும் சேர்த்துப் பிடித்துவிட்டால் ஐந்து. சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

வில்லங்கம் அதிலேதான் வந்தது. ராவுத்தர் ஐந்து பிடித்தார் என்கிறார் கிழவர். நான்குதான் பிடித்தேன் என்கிறார் ராவுத்தர். இரண்டு பேரும் பெற்ற பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணிவிட்டார்கள். துண்டுப் பேரத்தில் பொய் சொன்னவன் அதற்கப்புறம் சந்தைக்குள் கால் வைக்கக் கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். கிழவருக்கோ அது அறுபது வருஷத்துச் சந்தை. வாரம் ஒருமுறை அந்தப் புழுதியை மிதிக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

ராஜா பெருமூச்சு விட்டார். சின்ன வயசில் தாத்தாவோடு யானை மேல் உட்கார்ந்து அந்தச் சந்தையைப் பார்த்ததைச் சொன்னார். மேலேயிருந்து பார்த்தால் நூறு துண்டும் புறாக்கூட்டம் இறக்கை அடிப்பது போல அசையுமாம். அந்த நாளில் ஒரு சந்தை வழக்குகூட அரண்மனைப் படி ஏறியதில்லையாம்.

பிரதானி இதுதான் சமயம் என்று எழுந்தார்.

"மகாராஜா, தரகர் மகன் சபையிலேயே இருக்கிறான். இருளப்பனே தீர்க்கட்டும். ஆனால் வாயால் மயக்குவது அவன் வித்தை. ஆகையால் அவன் பேசக் கூடாது, எழுதக் கூடாது, எவர் கண்ணுக்கும் தெரியும்படி ஜாடை காட்டவும் கூடாது."

ராஜாவுக்கு அது வேடிக்கையாகத் தோன்றியது. இருளப்பன் வாயை மூடி அவர் பார்த்ததே இல்லை.

"நல்லது. தீர்த்துவிட்டால் அவன் கேட்டதைத் தருவோம். தீர்க்காவிட்டால் இருவரில் எவர் பொய்யர் என்று பிரதானி சொல்வதே முடிவு" என்றார்.

பிரதானி யாரைச் சொல்லுவார் என்று சபைக்கே தெரியும். ராவுத்தரிடம் மிளகு இருக்கிறது, கிழவரிடம் என்ன இருக்கிறது?

பதில் சொல்ல வாயைத் திறந்த இருளப்பன், பிரதானி விரலை உயர்த்தியதும் கப்பென்று மூடிக்கொண்டான். சொல்லாத சொல்லெல்லாம் நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றது. வழக்காளிகளைப் பார்த்தான். ராஜா முன்னால் இரண்டு பேரும் மரியாதையாகக் கைகட்டி நின்றார்கள். விரல்களெல்லாம் அக்குளுக்குள். முகத்தைப் பார்த்தால் இரண்டும் பொய் சொல்லுகிற முகமாக இல்லை.

அப்போது அப்பா சொன்னது அவன் காதுக்குள் கேட்டது. "துண்டுக்குள்ள வந்த சண்டையைத் துண்டுக்குள்ள போய்த்தான்டா கேக்கணும். வெளியில வச்சுக் கேட்டா, ரெண்டு பேரும் ஊருக்காகப் பேசுவாக."

இருளப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்தான். நேரே ராவுத்தரிடம் போனான். அவர் கைமேல் துண்டைப் போட்டுத் தன் கையையும் உள்ளே விட்டான்.

பிரதானி பதறிப்போய், இது ஜாடை, இது செல்லாது என்றார்.

"எவர் கண்ணில் பட்டது சூரப்பரே? எமக்குத் துண்டு மட்டும்தான் தெரிகிறது" என்றார் ராஜா.

ராவுத்தர் வியாபாரி அல்லவா, புரிந்துகொண்டார். அன்று பிடித்ததைப் பிடித்துக் காட்டினார். ஆள்காட்டியிலிருந்து சுண்டுவிரல் வரை, சுத்தமாக நான்கு. பிடியில் தயக்கமே இல்லை.

அடுத்தது கிழவர். இப்போது வாங்குகிறவன் இடத்தில் இருளப்பன் நின்றான். துண்டுக்குள் கிழவர் விரலைத் தடவிப் பிடித்துக்கொண்டே போனான். ஒன்று. இரண்டு. மூன்று. சுண்டுவிரலைத் தேடினால் அந்த இடம் காலி. ஆறிப்போன தழும்பு ஒன்று வழவழவென்று கிடந்தது. அவன் கத்தியே இருப்பான். உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டான்.

ராவுத்தர் கையையும் கிழவர் கையையும் சேர்த்து வைத்தான். மேலே துண்டைப் போட்டான். ராவுத்தர் மறுபடியும் எண்ணி எண்ணிப் பிடிப்பது துண்டு அசைவதில் தெரிந்தது. அசைவு நின்றதும் இருளப்பன் துண்டைச் சரக்கென்று உருவினான்.

சபை எட்டிப் பார்த்தது. ராவுத்தர் கைக்குள் நான்கு விரல்தான் இருந்தது. ஆனால் நான்காவது, கிழவருடைய கட்டை விரல்.

கிழவர் தன் கையை வேற்று ஆள் கையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"மூணு வருசத்துக்கு முந்தி காளைக் கயிறு சுத்தி இழுத்துட்டுப் போச்சு சாமி. போனது எனக்கே மறந்துபோச்சு. நம்ம சந்தை ஆளுக கட்டை விரலைத் தொட்டா அஞ்சுன்னு எடுத்துக்கிடுவாக, அப்படியே ஓடிப்போச்சு."

ராவுத்தர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவசரத்தில் எண்ணிக்கையைப் பார்த்தாரே தவிர எந்த விரல் என்று பார்க்கவில்லை.

"கட்டை விரலைப் பிடிச்சுட்டேன் பெரியவரே. சந்தை வழக்கப்படி அது அஞ்சுதான். அஞ்சு பொதியும் எடுத்துக்குங்க" என்றார்.

"இல்லாத விரலுக்கு மிளகு வாங்கித் திங்கச் சொல்லுதீயளா? நாலு போதும்."

"அஞ்சுங்கறேன்."

"நாலுய்யா. சொன்னாக் கேக்கணும்."

இதென்ன கூத்து, அவன் பேச்சை இவனும் இவன் பேச்சை அவனும் பேசுகிறார்கள். வழக்கு இன்னும் தீரவில்லையே என்று பிரதானிக்கு உயிர் வந்தது. இருளப்பன் மறுபடியும் துண்டை எடுத்தான். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய், துண்டுக்குள் நான்கு விரலைப் பிடித்து, கூடவே ஒரு விரலின் நடுக்கணுவை அழுத்தினான். சந்தைக் கணக்கில் அது அரை. இரண்டு பேருடைய முகமும் மலர்ந்தது. நாலரைப் பொதி என்று ராவுத்தரே உரக்கச் சொன்னார். கிழவர் சரி என்று நாலு விரல் கையைத் தூக்கிக் கும்பிட்டார்.

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. இனிமேல் எந்தச் சந்தை வழக்கும் துண்டுக்குள் போய் வராமல் அரண்மனைக்கு வரக் கூடாது என்று அங்கேயே உத்தரவு போட்டார். பிறகு, "கேள் இருளப்பா, என்ன வேண்டும்?" என்றார்.

இப்போதும் இருளப்பன் வாயைத் திறக்கவில்லை. சிங்காசனத்துக்கு முன்னால் போய்த் துண்டை விரித்துப் பிடித்தான். ராஜாவுக்குச் சின்னப் பிள்ளையின் சந்தோஷம். கையைச் சட்டென்று உள்ளே விட்டார். துண்டு கொஞ்ச நேரம் அசைந்தது. ராஜா மறுபடியும் விழுந்து விழுந்து சிரித்தார். பொக்கிஷக்காரர் காதில் ஏதோ சொன்னார். பொக்கிஷக்காரரின் புருவம் நெற்றிக்கு ஏறியது.

பிரதானிக்குத் தாங்கவில்லை. வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்து, எவ்வளவு, எவ்வளவு என்று கேட்டார்.

"இப்ப நான் பேசலாமாய்யா?" என்று கேட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான் இருளப்பன்.

அடுத்த வாரம் கிழவர் சந்தைப் புழுதியில் நின்றார். ராஜாவோ வழக்குத் தீர்ந்த அன்றைக்குப் பொழுது சாயும்வரை வலது கையைக் கழுவவில்லை. அதில் புகையிலை வாசமும் மாட்டு வாசமும், தாத்தாவோடு யானை மேல் போன நாளும் இருந்தன. பரிசு எவ்வளவு என்றா கேட்கிறீர்கள்? நமக்கு எப்படித் தெரியும், நாமும் பிரதானி மாதிரி துண்டுக்கு வெளியேதானே நின்றோம்.