வாயாடி இணையவில்லை

கணினியை உள்ளிருந்து இயக்கும் கர்னல் புதுப்பிக்கப்பட்ட மறுநாளே மவுஸ் வேலைநிறுத்தம் செய்துவிட்டது. புதுப்பித்தவர்கள் அத்தனை பேரையும் ஆய்வகத்தில் உட்கார்ந்தபடியே குயிலி திட்டித் தீர்த்தாள். கேட்கத்தான் ஆளில்லை. பக்கத்து நாற்காலி ஐப்பசியிலிருந்து காலி.

அந்த நாற்காலிக்காரி சகாயராணி. காய்ச்சல் என்று ஊருக்குப் போனவள் திரும்பவே இல்லை; இறந்த செய்திதான் வந்தது. மவுஸ் அவள் வாங்கியது. புளூடூத்தில் அதைச் சேர்த்த அன்றே பட்டியலில் அதற்கு ‘வாயாடி’ என்று பேரும் வைத்துவிட்டுக் குயிலியிடம் சொன்னாள்:

"எதைச் சொன்னாலும் எதிர்வாதம் பண்றியே, உன் பேருதான்டி அதுக்கு."

அதன்பின் கணினியைத் திறக்கும்போதெல்லாம் திரை மூலையில் ‘வாயாடி இணைந்தது’ என்று வரும். இப்போது வருவது ‘வாயாடி இணையவில்லை.’

மதியம் பேராசிரியர் அருந்ததி வந்தார். இருவருக்கும் ஆய்வு வழிகாட்டி அவர்தான். காலி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். குயிலிக்குச் சுருக்கென்றது.

"பேட்டரி?"

"புதுசு, மேம்."

"புளூடூத்தை அணைச்சுப் போட்டியா?"

"போட்டாச்சு."

"பட்டியல்லேர்ந்து நீக்கிட்டு மறுபடி சேர்த்தியா?"

"அது மட்டும் முடியாது. நீக்கினா அவ வச்ச பேரும் போயிடும். கம்பெனி கொடுத்த நம்பர்தான் வரும்."

"பேரை நீ திரும்ப எழுதலாமே."

"அது நான் எழுதினதா இருக்கும். அவ எழுதினது ஆகாது."

அருந்ததி வாதிடவில்லை. கணினியை அணைத்துத் திறந்து, பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்தார். கொஞ்ச நேரத்தில் திரை மூலையில் வந்தது: ‘வாயாடி இணைந்தது.’

குயிலிக்குக் கண் நிறைந்துவிட்டது. "பாத்தீங்களா! மவுஸ் மேல தப்பே இல்ல. நான் இதுலயே இருந்துக்கறேன்."

"இரு. அடுத்த புதுப்பிப்பு வர்ற வரைக்கும் இருக்கலாம். அப்ப பழையதைக் கணினியே அழிச்சிடும்."

"வர விடமாட்டேன்."

"ஆய்வகத்துல எல்லாத்துக்கும் தானா வரும்."

"யாரைக் கேட்டு வருது? நல்லா இருந்ததைப் பிடுங்கிக்கிட்டு, இனிமே இப்படித்தான் பழகிக்கோன்னா அது என்ன நியாயம், மேம்? போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

கர்னலைப் பற்றித்தான் பேசுகிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை. வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பேராசிரியர் மீண்டும் புதிய கர்னலுக்கு வந்தார். பட்டியலில் வாயாடியைத் தேடி, விசைகளாலேயே தேர்வை ‘நீக்கு’ என்ற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். விசைப்பலகையைக் குயிலி பக்கம் நகர்த்தினார்.

"நீங்களே அழுத்திடுங்க."

"எனக்கா அந்தப் பேரை வச்சா?"

குயிலி விரலை வைத்தாள். எடுத்துவிட்டாள்.

"இதை அழுத்தினா அந்தப் பேரே இல்லாம போயிடும், மேம்."

அருந்ததி எழுந்தார். நாற்காலியை, அது முன்பு இருந்தபடியே, கொஞ்சம் குயிலி பக்கம் திரும்பினாற்போல வைத்தார்.

"அப்போ மத்தியானத்திலேர்ந்து என்கிட்ட வாயாடிக்கிட்டிருந்தது யாரு?"

குயிலி எதிர்வாதத்துக்கு வாயைத் திறந்தாள். பிறகு விரலை மறுபடி வைத்தாள்; இந்த முறை எடுக்கவில்லை.