விழப் பழகுதல்

“உன் கையில நடக்காரு. என் கையில விழுதாரு. எனக்கு மட்டும் எதைச் சொல்லித் தராம வச்சிருக்க பிள்ள?”

சண்முகக்கனி இப்படிக் கேட்டது ஆஸ்பத்திரி பிசியோதெரபிஸ்ட் ஜெசிந்தாவிடம். கேட்டவளுக்கு நாற்பத்தொன்பது. கேட்கப்பட்டவளுக்கு இருபத்தெட்டு.

உண்மையைச் சொன்னால் சண்முகக்கனிக்கு இந்தப் பெண்ணைப் பிடிக்கவே இல்லை. டீ வாங்கிக்கொண்டு திரும்பும்போதெல்லாம், நடக்க வைக்க வேண்டியவள் அவரோடு பாயில் உட்கார்ந்திருப்பாள். ஓய்வாம்.

அவர் என்றால் பால்வண்ணன், சண்முகக்கனியின் புருஷன். மின்வாரியத்தில் லைன்மேன். இருபத்தாறு வருஷம் கம்பம் ஏறியவர், ஒருநாளும் விழுந்ததில்லை. இப்போது வெறுந்தரையில் விழுகிறார். நெற்றியில் நாலு தையல்.

உடம்பைத் தடுமாறாமல் நிறுத்துகிற சிறுமூளை சுருங்கிக்கொண்டே வருகிறது என்று டாக்டர் சொல்லியாயிற்று. சண்முகக்கனி அதைக் காதில் வாங்கியதோடு சரி.

நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வீட்டில் அவள் மட்டும்தான்.

“சொல்லு. விழாம எப்படிப் பிடிக்கணும்?”

ஜெசிந்தா பால்வண்ணன் இடுப்பில் பிடிமானத்துக்குக் கட்டியிருந்த பெல்ட்டைக் கழற்றித் தன் இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

“என்னைப் பிடிச்சு நடத்துங்க, யக்கா.”

சண்முகக்கனி பின்னால் நின்று பெல்ட்டைப் பிடித்தாள். மூன்று அடி. நாலாவதில் ஜெசிந்தா காலைத் தளரவிட்டாள். வேண்டுமென்றேதான்.

“யாத்தே!”

சண்முகக்கனி மேலே இழுத்தாள். இழுத்தவளின் இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் பாயில் தடாலென்று விழுந்தார்கள்.

“ஏன் இழுத்தீங்க?”

“இழுக்காம கைதட்டவா?”

“இழுக்காதீங்க. ஒரு காலை என் கால்களுக்கு நடுவுல வைங்க. என்னை உங்க மேல சாச்சுக்கோங்க. தொடை வழியா சறுக்கி இறக்குங்க. நீங்களும் கூடவே உக்காருங்க.”

“நான் நடக்க வைக்கக் கேட்டேன். நீ விழ வைக்கவா சொல்லித் தாற?”

“மறுபடி, யக்கா.”

மறுபடி. மறுபடி.

“இதுக்கா படிச்ச? எங்க தெருக் குடிகாரன் படிக்காமலே விழுவான்.”

“மறுபடி.”

பால்வண்ணனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நாக்கு குழறியது.

“ஏட்டி… கம்பத்துல மட்டும்… ஏறிராத.”

“வாய் மட்டும் விழல பாரு உமக்கு.”

பன்னிரண்டாவது தடவை ஜெசிந்தா சத்தமே இல்லாமல் தரைக்கு வந்தாள். எழுந்தாள். பெல்ட்டை அவர் இடுப்பில் கட்டினாள். பிறகு தள்ளிப்போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“நீ பிடிக்கலையா?”

சண்முகக்கனியே பெல்ட்டைப் பிடித்தாள்.

ஒரு அடி. இரண்டு. அவருக்கு வேர்த்தது. மூன்று. நாலு.

ஐந்தாவதில் கால் போய்விட்டது.

சண்முகக்கனியின் கை இழுக்கத்தான் பார்த்தது. இழுக்கவில்லை. அவர் முதுகு அவள் நெஞ்சில் சாய்ந்தது. தொடை வழியாக இறங்கினார். அவளும் இறங்கினாள்.

அவர் கை தானாக நெற்றிக்குப் போனது. தையலைத் தடவிப் பார்த்தார்.

“வலிக்கலட்டி.”

அவள் அவரைப் பிடித்தபடியே பாயைப் பார்த்தாள். அதே பாய்.

“தினமும் ரெண்டு பேரும் இதுல உக்காந்திருப்பியளே…”

“ஆமாக்கா.”

“ஓய்வு இல்லையா அது?”

“இல்லக்கா.”

“உன் கையிலயும் விழுந்திருக்காரு.”

ஜெசிந்தா தலையாட்டினாள்.

சண்முகக்கனி அவர் சட்டைக் காலரை, மடங்கியே இராத காலரை, சரி பண்ணினாள்.

“அப்ப இனி நல்லாவே ஆகாது. அப்படித்தான?”

ஜெசிந்தா வந்து அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.