மிச்சமிருந்த நத்தை ஓடு

அல்லிக் குளத்தில் ஒரு நீர்க்கோழிக்குப் பதினோரு குஞ்சுகள். அவற்றுக்குப் பாடம் சொல்லக் கிளி வாத்தியார் வந்தார். அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஒன்று முதல் பத்து வரை ஒப்பிக்கிற குஞ்சு குளத்தில் இறங்கலாம். ஒப்பிக்காதது கரையிலேயே கிடக்க வேண்டும்.

பத்துக் குஞ்சுகள் மடமடவென்று ஒப்பித்தன. கடைசியாகப் பொரிந்த மிளகு என்ற குஞ்சு மட்டும், "ஒன்று, இரண்டு, ஏழு!" என்றது.

"இதன் தலையில் கணக்கு ஏறாது அம்மா! கரையில் உட்காரட்டும்!" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார் வாத்தியார்.

அண்ணன் அக்காக்கள் எல்லாம் நீந்திப் போக, மிளகு தனியாக உட்கார்ந்து அழுதது. பக்கத்து வளையிலிருந்து நண்டு எட்டிப் பார்த்தது.

"ஏன் அழுற?"

"எனக்குக் கணக்கு வராதாம்!"

"வராட்டிப் போகுது! என்கூட விளையாட வா. ஒவ்வொரு வளை வாசல்லயும் ஒரு நத்தை ஓடு வை, பார்க்கலாம்!"

மிளகு வைத்தது. ஒரு நாள் ஓடு போதவில்லை. இன்னொரு நாள் மிஞ்சியது. நாலே நாளில் விளையாட்டு பிடித்துப்போக, மற்ற குஞ்சுகளையும் அது சேர்த்துக்கொண்டது. நீந்தப் போகும்போது கரையில் ஆளுக்கொரு ஓடு வைக்க வேண்டும். திரும்பியதும் ஆளுக்கொன்று எடுக்க வேண்டும்.

ஒரு மாலை குஞ்சுகள் கரையேறின. ஆளுக்கொரு ஓட்டை எடுத்துக்கொண்டன.

"எண்ணுங்கள்!" என்றார் வாத்தியார்.

"ஒன்று! இரண்டு! மூன்று!" என்று எல்லாம் ஒரே குரலில் கத்தி, "பத்து!" என்று முடித்தன.

"பிரமாதம்! பத்துப் பேரும் வந்தாயிற்று!"

"இல்ல! ஒரு ஓடு மிச்சம் கிடக்கு!" என்று கத்தியது மிளகு.

"மூன்றுகூடத் தெரியாத நீ எனக்குக் கணக்கு சொல்கிறாயா?"

மிளகு அந்த ஓட்டைச் சுட்டிக் காட்டியது. "ஆளுக்கொன்னு வெச்சாங்க, ஆளுக்கொன்னு எடுத்தாங்க. அப்போ இது யாரோடது?"

அம்மாக் கோழி பதறி எழுந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. "ஐயோ, என் குஞ்சு எள்ளு எங்கே?"

அது நாணலுக்குள் பாய்ந்தது. அங்கே எள்ளுவின் கால் பாசிக்கொடியில் சிக்கியிருந்தது. இரண்டு முழம் தள்ளி ஒரு தண்ணீர்ப் பாம்பு தலையைத் தூக்கியிருந்தது! அம்மா இறக்கையால் படபடவென்று அடிக்க, பாம்பு பின்வாங்கி ஓடியது.

"பத்து என்று சரியாகத்தானே சொன்னார்கள்?" என்று வாத்தியார் விழித்தார்.

"ரெண்டு பேர் நின்னாலும் பத்துன்னுதான் கத்துவாங்க. நீங்க சொல்லிக்கொடுத்தது அதுதானே!" என்றது நண்டு.

வாத்தியாருக்கு முகம் தொங்கிப்போனது. மறுநாள் காலையில் அவரே அலகில் ஒரு நத்தை ஓட்டைக் கவ்விவந்து மிளகிடம் கொடுத்தார். மிளகு அதைக் கரையில் வைத்துவிட்டுத் தொப்பென்று குளத்தில் குதித்தது. அன்று கரையில் பதினோரு ஓடுகள் இருந்தன.

பின்தங்கும் பிள்ளையை ஒதுக்கி வைக்காமல், கையில் பொருளைக் கொடுத்து விளையாட விட்டால் கணக்கு தானே வரும். வெறுமனே ஒப்பிப்பது கணக்கு ஆகாது.