ஓடாத சோதனை

கோயம்புத்தூரில் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்துகொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் நாச்சியப்பன் வேலை பார்த்தான். அங்கே யார் நிரலில் ஒரு வரியை மாற்றினாலும், அது மருத்துவமனைக்குப் போகுமுன் சோதனைகள் தாமாகவே ஓடும். சரியாக இருந்தால் திரையில் பச்சை. தவறென்றால் சிவப்பு. சிவப்பு வந்தால் காரணத்தைத் தேடிப்பிடித்துச் சரிசெய்வது அவன் வேலை. அதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ரஹீமா. அவனைவிட வயதில் சிறியவர். ஆனாலும் அவர் சொல்லுக்கு அவனிடம் மறுபேச்சு கிடையாது.

எஸ்தர் வந்து சேரும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

அவளும் அதே வேலைக்குத்தான் வந்தாள். அவன் அரை நாள் மல்லுக்கட்டும் சிவப்பை அவள் டீ ஆறுவதற்குள் பச்சையாக்கிவிடுவாள். ஒருநாள் ரஹீமா அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, "இது எனக்கே தோணலையே" என்றார். இத்தனை வருஷத்தில் அவனிடம் அவர் அப்படிச் சொன்னதில்லை. அன்று மதியம் அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் செய்வதையெல்லாம் அவன் திறந்து பார்க்க ஆரம்பித்தான். கற்றுக்கொள்ளத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ஒரு செவ்வாய்க்கிழமை அகப்பட்டது. குழந்தையின் எடைக்கு ஏற்ற மருந்தளவைச் சரிபார்க்கும் சோதனை ஒன்று, ஒரு நேரம் சிவப்பும் ஒரு நேரம் பச்சையுமாகப் படுத்திக்கொண்டிருந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எஸ்தர் அதை நிறுத்தி வைத்திருந்தாள். அப்படியே மறந்தும் போயிருந்தாள். ஓடாத சோதனை சிவப்பைக் காட்டாது; திரை முழுக்கப் பச்சை.

கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் தூரத்தில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். அவன் கூப்பிடவில்லை. வெடிக்கட்டும், எல்லார் முன்னாலும் வெடிக்கட்டும் என்று நினைத்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்கு அவனுக்குப் பசித்தது.

வியாழக்கிழமை மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. ஒரு குழந்தைக்கு மென்பொருள் மருந்தளவை இரண்டு மடங்காகக் காட்டியிருக்கிறது. ஊசியில் மருந்தை ஏற்றிய நர்ஸ், சந்தேகப்பட்டுக் கடைசி நேரத்தில் நிறுத்திவிட்டாராம்.

எஸ்தரின் முகம் வெளுத்துவிட்டது. "நான்தான் அந்த டெஸ்ட்டை நிறுத்தி வச்சேன்" என்று அவளே சொன்னாள். போனை வாங்கி மன்னிப்புக் கேட்டாள். பிறகு உட்கார்ந்து கோளாறைத் தேடினாள். சாயங்காலம் அது சரியாகும்வரை ரஹீமா அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

நாச்சியப்பனால் அதைத் தாங்க முடியவில்லை. எஸ்தர் கிளம்பியதும் ரஹீமாவிடம் போனான்.

"அவளை ஒண்ணுமே சொல்லாம விட்டுட்டீங்களே மேடம்."

"சொல்ல வேண்டியதை அவளே சொல்லிட்டா."

"எனக்கு இது செவ்வாய்க்கிழமையே தெரியும்."

ரஹீமா நிமிர்ந்தார். "எது?"

"அவ டெஸ்ட்டை நிறுத்தி வச்சது. நான் எல்லாத்தையும் கவனிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்கதான் என்னைக் கவனிக்கிறதில்ல."

குரல் உயர்ந்துவிட்டதென்று சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது.

ரஹீமா பக்கத்து நாற்காலியைக் காட்டினார். அவன் உட்கார்ந்தான். செவ்வாய்க்கிழமைச் சோதனைகளைத் திரையில் கொண்டுவந்தார்.

"அன்னைக்கு ஓடாம நின்னது எத்தனைன்னு பாருங்க."

அவன் மேலிருந்து கீழ்வரை பார்த்தான். "ஒண்ணு. அவ நிறுத்தினது."

"இன்னொரு தடவை பாருங்க."

பார்த்தான். "ஒண்ணுதான் மேடம்."

ரஹீமா திரையைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ரெண்டு தெரியுது" என்றார்.