நாற்பது பேர் நடுவில்

"ஆணவத்தை ஒழிக்கணும் அம்மா. வழி சொல்லுங்க."

செங்கோடன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்தார். தலை நரைத்தவர். ஏழு ஊர் வழக்குகளைத் தீர்த்து வைப்பவர்.

மலையடிவாரக் குடிலில் தனித்திருந்த உமையம்மை அவரைவிட இருபது வயது இளையவர். பாகற்கொடிக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்.

"எழுந்திருங்க. யார்கிட்ட ஆணவம் காட்டினீங்க?"

"என் சம்சாரத்துகிட்ட."

நடந்ததைச் சொன்னார்.

பங்குனியில் வீட்டில் விருந்து. பந்தியில் ஒரு கிணற்றுத் தண்ணீர் வழக்கைப் பற்றிப் பேச்சு வந்தது. பரிமாறிக்கொண்டிருந்த மனைவி பவளக்கொடி, "அது அப்படி இல்லைங்க..." என்று ஆரம்பித்தாள்.

"சட்டி கழுவுறவளுக்கு வழக்குல என்ன பேச்சு?" என்றார் இவர்.

பந்தியே சிரித்தது.

நான்கு மாதம் ஆகிறது. சோறு போடுகிறாள். துணி துவைத்து மடித்து வைக்கிறாள். பேசுவதில்லை. ஆவணி பிறந்ததும் அண்ணன் வீட்டோடு போய்விடுவதாக மகளிடம் சொல்லியிருக்கிறாள்.

"இப்ப என் கால்ல விழுந்தீங்களே, கஷ்டமா இருந்துதா?"

"இல்லம்மா."

"அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?"

செங்கோடன் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"கேட்டுட்டு வாங்க."

மூன்றாம் நாள் வந்தார்.

"கேட்டுட்டேன் அம்மா. அவ காதுலயே வாங்கல."

"என்ன வார்த்தை சொன்னீங்க?"

"நான் ஏதாவது தப்பாப் பேசியிருந்தா மன்னிச்சுக்கன்னு சொன்னேன்."

"பேசியிருந்தாவா?"

செங்கோடனின் முகம் சிவந்தது. உட்காராமலே திரும்பினார். ஆடி வெயிலில் இரண்டு மணி நேர நடை.

மறுநாளே மறுபடி வந்து நின்றார்.

"அடுப்படியில போய் நின்னேன். நான் பேசினது தப்பு, மன்னிச்சுக்கன்னு சொன்னேன். அவ வாயைத் திறந்தா அம்மா!"

"என்ன சொன்னாங்க?"

"'அன்னைக்கு நாப்பது பேர் இருந்தாங்க'ன்னா. அவ்வளவுதான்."

உமையம்மை பந்தல் கயிற்றை இறுக்கி முடிந்தார்.

"அப்ப நான் சொல்ல ஒண்ணும் இல்ல. அவங்களே சொல்லிட்டாங்க."

செங்கோடன் வீடு வீடாகப் போய் அந்த நாற்பது பேரையும் அழைத்தார். அவர் தம்பி பதறிப்போனான்.

"ஊரைக் கூட்டி வச்சா? பொம்பளைகிட்டயா? நாளைக்கு உன் தீர்ப்பை எவன் மதிப்பான்?"

"மதிக்காட்டிப் போகட்டும். நீ வந்துரு."

எல்லோரும் வந்தார்கள். செங்கோடன் கூடத்தின் நடுவில் நின்றார். ஒரு தடவை செருமிக்கொண்டு, மனைவியைப் பார்த்துக் கைகூப்பினார்.

"உங்க எல்லார் முன்னாடியும் இவளை அவமானப்படுத்தினேன். அது தப்பு. பவளம், என்னை மன்னிச்சுரு."

ஒருவரும் சிரிக்கவில்லை. பவளக்கொடி தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். உள்ளே போய்விட்டாள்.

"எவ்வளவு பெரிய மனசுய்யா உனக்கு!" என்று ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த நாள் காலையிலேயே மலையடிவாரத்தில் இருந்தார் செங்கோடன்.

"செஞ்சு முடிச்சுட்டேன் அம்மா. ஊரே அசந்துபோச்சு. ஆனா அவ இன்னும் பேசல. இதுக்கு மேல நான் எவ்வளவுதான் இறங்குறது?"

உமையம்மை வேலையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

"அன்னைக்குப் பந்தியில அவங்க என்ன சொல்ல வந்தாங்க?"

செங்கோடன் பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

'அது அப்படி இல்லைங்க.' அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. இந்த நான்கு மாதத்தில் ஒருநாள்கூட அவர் கேட்கவில்லை.

கும்பிடக்கூட மறந்து திரும்பி நடந்தார். நடந்தவர் பாதி வழியில் ஓட ஆரம்பித்தார்.

பவளக்கொடி கொல்லையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க அவள் எதிரில் போய் நின்றார்.

"அந்தக் கிணத்து வழக்குல நீ என்ன சொல்ல வந்த?"

முறம் நின்றது. அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"கொஞ்சம் நீளமான சங்கதி," என்றாள். "உட்காருங்க."