வளர்ந்த காவி

ஏரிக்கரை இலுப்பை மரத்துப் பொந்தில் வரியப்பன் என்ற அணில், மனைவி பூவாயியோடும் மகள் செண்பகத்தோடும் குடியிருந்தது.

உலகத்தில் தனக்குத் தெரியாத வேலையே இல்லை என்பது வரியப்பனின் நினைப்பு. தேனடை பிழிவதென்றாலும் சரி, காகத்தின் முறிந்த இறக்கைக்குக் கட்டுப் போடுவதென்றாலும் சரி, கூப்பிடாமலே போய் நிற்கும். அந்தக் காகம் இன்றுவரை ஒருபக்கமாகத்தான் பறக்கிறது.

ஒருநாள் பொந்தின் சுவரில் சிவப்பாய் ஒரு மண்கோடு தெரிந்தது. கரையான்! பூவாயி பதறிப்போய், மேட்டில் இருக்கும் அழுங்கைக் கூட்டிவரச் சொன்னது. உடம்பெல்லாம் செதிலும் நீண்ட நாக்கும் கொண்ட அழுங்குக்குக் கரையான் பிடிப்பதுதான் தொழில். காட்டில் யார் வீட்டை அரித்தாலும் அதைத்தான் கூப்பிடுவார்கள்.

வரியப்பன் ஒப்புக்கொள்ளவில்லை.

"அழுங்கு நம்ம வாசப்படி ஏறினா, கரையான் வந்திருக்குன்னு காடே பேசும். வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்க வர்றாங்க. கரையான் அரிச்ச வீட்டுல எவன் சம்பந்தம் பண்ணுவான்? நானே பாத்துக்கறேன், விடு."

புங்கமரத்து மாப்பிள்ளையைச் செண்பகத்துக்கும் பிடித்துப்போயிருந்தது. அதனால் பூவாயி வாயை மூடிக்கொண்டது.

வரியப்பன் முதலில் வாலால் துடைத்தது. கோடு போய்விட்டது. ஜெயித்த மயக்கத்தில் தூங்கி எழுந்து பார்த்தால் கோடு இரண்டாகியிருந்தது. வேப்பிலைச் சாறு தெளித்தது. புகை போட்டது. குடும்பமே இருமிக்கொண்டு கிளைக்கு ஓட, கரையான்கள் மட்டும் உள்ளே நிம்மதியாய் இருந்தன. கடைசியில், கரையானைக் கடிக்கட்டும் என்று செவ்வெறும்புகளை அழைத்துவந்தது. அவை விருந்தாளிகளுக்கென்று சேர்த்து வைத்த இலுப்பைப் பூவையெல்லாம் தின்றுவிட்டு, போகிற போக்கில் வரியப்பனையும் கடித்துவிட்டுப் போயின.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது சுவர் முழுக்கச் சிவப்புக் கோடுகள். துடைக்க நேரமில்லை. ஆனால் வரியப்பனுக்கு மூளை வேலை செய்தது. கிளையில் கொக்கு போட்டிருந்த எச்சத்தை வழித்துவந்து, ஒவ்வொரு கோட்டுக்கும் இருபுறமும் வெள்ளைக் கோடு இழுத்தது. தள்ளி நின்று பார்த்தால் கல்யாண வீட்டுச் சுவரில் சுண்ணாம்பும் காவியும் பட்டை பட்டையாய் அடித்தது போலவே இருந்தது.

"நாத்தம் அடிக்குதேங்க" என்றது பூவாயி.

"சாம்பிராணி போடு" என்றது வரியப்பன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் நெடுவாலி சுவரைப் பார்த்துப் பூரித்துப்போனது. பெண் பார்க்கத்தானே வந்தோம், அதற்குள் காவியே அடித்துவிட்டீர்களே என்று வாயாரப் புகழ்ந்தது. செண்பகம் நாவற்பழத் தட்டோடு வந்தது. மாப்பிள்ளை தலை நிமிராமல் ஓரக்கண்ணால் பார்த்தது. எல்லாம் கூடிவருகிற நேரம்.

நெடுவாலி பழத்தை மெல்வதை நிறுத்தியது.

"அண்ணே, நான் உக்காந்தப்ப இந்தக் காவி என் தோள் உசரத்துக்கு இருந்துச்சு. இப்ப காது உசரத்துக்கு ஏறிடுச்சு. உங்க வீட்டுக் காவி வளருமா?"

"லட்சுமி குடியிருக்கிற வீடும்மா. இங்க எல்லாமே வளரத்தான் செய்யும்."

இதைக் கேட்டு மகிழ்ந்த சம்பந்தி, நெடுவாலியின் புருஷன், ஏப்பம் விட்டபடி சுவரில் சாய்ந்தது. சுவர் என்று அங்கே எதுவும் இல்லை, மரப்பட்டைதான் மிச்சம். அது அப்பளமாய் நொறுங்க, சம்பந்தி வெளியே போய் ஏரிச் சேற்றில் தலைகீழாய் விழுந்தது. உடைந்த இடத்திலிருந்து கரையான்கள் பொலபொலவென்று கொட்டின.

பூவாயி யாரையும் கேட்கவில்லை. கிளை நுனிக்கு ஓடி, காடே கேட்கும்படி அழுங்கைக் கூப்பிட்டது.

அழுங்கு வந்து மரத்தைத் தட்டிப் பார்த்தது. சுவரில் தெரிவது வெறும் வழிதான், குடும்பம் வேருக்கடியில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே தோண்டி, கரையான்களை ராணியோடு சேர்த்து நாக்கில் சுருட்டி விழுங்கியது. பிறகு வயிற்றைத் தடவிக்கொண்டது.

"கோடு தெரிஞ்சப்பவே கூப்பிட்டிருந்தா எனக்கு ஒரு வேளைச் சாப்பாடு, உனக்கு வீடு. இப்ப எனக்கு விருந்து, உனக்கு ஒண்ணுமில்லப்பா. காத்தடிச்சா இது விழுந்துரும், வேற இடம் பாத்துக்க."

வரியப்பன் காலில் விழாத குறையாக நெடுவாலியிடம் கெஞ்சியது. கரையான் வந்ததற்காகத் தன் மகளை வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டாம் என்றது.

நெடுவாலி புருஷனின் மூக்கிலிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டே சொன்னது: "கரையான் யார் வீட்டுக்குத்தான் வரலை? போன மழைக்கு எங்க வீட்டுக்கும் வந்துச்சு. இதே அழுங்கைத்தான் கூப்பிட்டோம், ஒரே நாள்ல முடிச்சுட்டுப் போச்சு. கரையானைக் காவின்னு சொல்றவங்க நாளைக்கு எதை என்னன்னு சொல்வீங்களோ, அந்தப் பயம்தாண்ணே."

மாப்பிள்ளை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தாயின் பின்னால் போனது. செண்பகம் தட்டைக்கூடக் கீழே வைக்காமல் அப்படியே நின்றது. அன்று மாலையே மூன்றும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு மரம் தேடிப் புறப்பட்டன.

வீட்டுக்குள் பூச்சி வருவதில் வெட்கம் ஒன்றுமில்லை, வேலை தெரிந்தவரை நேரத்தோடு கூப்பிடாமல் பூசி மறைப்பவருக்குத்தான் வீடும் போகும், மானமும் போகும்.