கொப்புளக் காய்ச்சலும் மருத்துவச்சி பூவாத்தாவும்

கடலுக்கும் காட்டுக்கும் நடுவே தாழைக்கோட்டை என்றொரு நாடு. அதை அந்தக் காலத்தில் குலசூடாமணி என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனசுதான். ஆனால் காலையில் போட்ட ஆணையைச் சாப்பிட்டு எழுந்ததும் மாற்றிவிடுவார்.

ஒரு மழைக்காலத்தில் ஊருக்குள் கொப்புளக் காய்ச்சல் புகுந்தது. பத்தொன்பது பேர் படுத்துவிட்டார்கள். தளவாய் கொற்றப்பன் சபையில் எழுந்து மீசையை முறுக்கினார்.

"மகாராஜா, இது உப்பு வண்டிக்காரர்கள் வெளியூரிலிருந்து கொண்டுவந்த நோய். அந்தத் தெருவையே காட்டுக்கு விரட்டுங்கள்!"

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

நிறைமாத ராணிக்குக் காவலாகத் தன் தங்கையை விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த மருத்துவச்சி பூவாத்தாவின் காதில் இது விழுந்தது. முந்தின நாள்தான் உப்பு வண்டிக்காரர் தெருவில் பிரசவம் பார்த்திருந்தாள். அங்கே ஒருவருக்கும் கொப்புளம் இல்லை. அப்படியானால் நோய் எங்கிருந்து வந்தது? மனசு கேட்கவில்லை. நேரே சபைக்குள் வந்து கேட்டேவிட்டாள்.

"தொப்புள்கொடி அறுப்பவளுக்கு ராஜாங்கம் எதற்கு?" என்று தளவாய் சிரித்தார்.

ராஜாவுக்கோ வேடிக்கை பார்க்க ஆசை. "ஏழு நாள் தருகிறேன். நோய் வந்த வழியைக் கண்டுபிடி. முடியாவிட்டால் அந்தத் தெருவோடு நீயும் காட்டுக்குப் போ."

பூவாத்தா சின்ன வயசிலேயே அந்தக் காய்ச்சல் வந்து பிழைத்தவள். அதனால் பயமில்லாமல் வீடு வீடாகப் போனாள். துணைக்கென்று தளவாய் இரண்டு சிப்பாய்களை அனுப்பியிருந்தார். "வாசலைத் தாண்டவே இல்லை தாயி" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். வாசலைத் தாண்டாத பத்தொன்பது பேருக்கு ஒரே நோய் எப்படி வரும்? மூன்றாம் நாள் சிப்பாய்களைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு, ஒரு நெசவாளியின் மனைவியிடம் மெதுவாகக் கேட்டாள்.

"சொன்னால் இவரைச் சிறையில் போடுவார்களே அக்கா! புளியந்தோப்பில் சேவல் சண்டை..."

சேவல் சண்டைக்கு ராஜா தடை போட்டிருந்தார். பூவாத்தா அரண்மனைக்கு ஓடினாள்.

"ராஜா, உண்மை சொல்கிறவர்களைத் தண்டிக்கக் கூடாது. காய்ச்சல் பரவாமல் இருக்க வெளியே போகாமல் வீட்டோடு இருப்பவர்களுக்கு வாசலில் அரிசி வரவேண்டும். சிப்பாய்கள் எனக்கு வேண்டாம்."

"குற்றவாளிக்கு விருந்தா?" என்று தளவாய் பதறினார். ராஜா சம்மதித்துவிட்டார்.

தண்டோரா போட்டதும் வாய்கள் திறந்தன. யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், யாரோடு ஒரே பாயில் படுத்தாய் என்று பேர் பேராய்க் கேட்டாள். பேர் வந்தவர்களைக் காய்ச்சல் காணும் முன்பே தேடிப்போய், பன்னிரண்டு நாள் தனியே இருக்கச் சொன்னாள். இவருக்கு முன்னால் படுத்தவர் யார், அவருக்கும் முன்னால் யார் என்று பின்னோக்கியும் போனாள். எல்லா வழியும் ஒரு நீலத் தலைப்பாகைக்காரரிடம் போய் நின்றது.

ஏழாம் நாள் சபையில் சொன்னாள்: "துறைமுகத்திலிருந்து காய்ச்சலோடு வந்த நீலத் தலைப்பாகைக்காரர், தளவாயின் மைத்துனர்தான் முதல் ஆள். தளவாய் வீட்டுப் பின்கட்டில் ஒளிந்திருக்கிறார்."

தளவாயின் முகம் வெளிறியது. "உண்மை சொன்னவருக்குத்தான் மன்னிப்பு. நீர் சொல்லவில்லையே!" என்று ராஜா உறுமினார்.

"அவரைப் பிறகு பாருங்கள் ராஜா. இன்னும் ஒருவரை மட்டும் என்னால் தனியே இருக்கவைக்க முடியவில்லை. காவலர்கள் விடமாட்டார்கள்."

"யாரவன்? பன்னிரண்டு நாள் அடைத்து வையுங்கள். இது என் ஆணை!"

"பேர் தெரியாது ராஜா. குதிரை வியாபாரி வேஷம், ஒட்டு மீசை, விரலில் மீன் போட்ட மோதிரம். ஐந்து நாளைக்கு முன் தோப்பில் சேவல் ஜெயித்த சந்தோஷத்தில் பக்கத்திலிருந்த எண்ணெய் வியாபாரியைக் கட்டிப்பிடித்தாராம். எண்ணெய் வியாபாரிக்கு நேற்றுக் கொப்புளம் கண்டது."

ராஜாவின் கை சட்டென்று மோதிரத்தை மூடியது. சிரித்து மழுப்பத்தான் வாயைத் திறந்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"பூவாத்தா... ராணி?"

"நீங்கள் எனக்கு ஏழு நாள் தந்த அன்றே ராணியம்மாள் இருக்கும் கட்டுக்குத் தாழ் போட்டாயிற்று ராஜா. என் தங்கையைத் தவிர யாரும் உள்ளே போகவில்லை. நீங்களும்தான்."

ராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்கினார். ஒருவரையும் தொடாமல் தோட்டத்து மண்டபத்துக்குள் போய்த் தானே கதவைச் சாத்திக்கொண்டார்.

ராஜா தனியே இருந்த பதினோராம் நாள் காலை, மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை வீறிட்டது. ராஜா கதவைத் திறந்துகொண்டு வாசற்படிக்கு ஓடிவந்தார். எதிரே பூவாத்தா நின்றிருந்தாள்.

"பெண் குழந்தை. இரண்டு உயிரும் நலம். நாளைக்கு ஒரு நாள் பொறுங்கள் ராஜா."

"ராஜாவுக்கே தடையா?" என்றார். கண்ணில் நீர் நின்றது. பிறகு படியிலேயே உட்கார்ந்து, அந்த அழுகை ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

பதின்மூன்றாம் நாள் மகளைக் கையில் வாங்கினார். கொற்றப்பனின் பதவி போனது. மைத்துனரோடு ஒரே வீட்டில் இருந்ததால் அவரும் தனியே இருந்து, நாள் முடிந்ததும் உப்பு வண்டிக்காரர் தெருவில் வாசல் வாசலாகப் போய் மன்னிப்புக் கேட்டார். பூவாத்தாவுக்குச் சபையில் ஓர் ஆசனம் கிடைத்தது. ஆனால் அதில் அவள் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. யாருக்காவது காய்ச்சல் என்று சேதி வந்தால் போதும், யார் யாரைப் பார்த்தாய் என்று கேட்கக் கிளம்பிவிடுவாள்.